கோலெக்டமி: சொல் சொல்லாமல் விட்ட பாதி

அறுவைச் சிகிச்சைக்கு முன் கையெழுத்துக்காக நீட்டும் படிவத்தில் 'ரைட் ஹெமிகோலெக்டமி' என்று இருக்கும். என்னவென்று கேட்டால், 'குடல்ல கொஞ்சம் வெட்டி எடுக்கணும்' என்பார்கள். தமிழில் எழுதும்போது அதுவே 'பெருங்குடல் நீக்கம்' ஆகிவிடுகிறது. படிவம் புரியவில்லை, வாய்ப்பேச்சு பாதிதான் சொல்கிறது, தமிழாக்கமோ குடல் முழுவதையும் எடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறது. சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

கோலெக்டமி என்பது இரண்டு கிரேக்கச் சொற்களின் ஒட்டு. 'கொலொன்' என்றால் பெருங்குடல். 'எக்டொமே' என்றால் வெட்டி வெளியே எடுத்தல். 'எக்' வெளியே, 'தெம்னெயின்' வெட்டுதல். உடற்கூற்றியலைக் குறிக்கும் 'அனாட்டமி'யிலும் இதே வெட்டுதான் ஒளிந்திருக்கிறது. அணுவுக்குக் கிரேக்கர் வைத்த 'அதொமோஸ்' என்ற பெயரும் அந்த வேர்தான்: வெட்டிப் பிரிக்க முடியாதது. முக்காற்புள்ளியையும் ஆங்கிலத்தில் கோலன் என்றுதானே சொல்கிறோம், அதற்கும் குடலுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஓர் உறவும் இல்லை. புள்ளிக்குப் பெயர் தந்த கிரேக்கச் சொல்லில் 'கோ'வின் உயிரொலி நெடில். பொருள் உறுப்பு, வாக்கியத்தின் ஒரு கூறு. குடலைக் குறிக்கும் சொல்லில் அது குறில்.

இந்தக் குடும்பத்தில் எழுத்து பிசகினால் ஆபத்து. கோலோடமி என்றால் பெருங்குடலைக் கீறித் திறப்பது மட்டும். கோலோஸ்டமி என்றால் பெருங்குடலை வயிற்றுச் சுவரில் கொண்டுவந்து திறந்து, மலம் வெளியேற வழி செய்வது. 'ஸ்தோமா' என்றால் வாய். கோலெக்டமிதான் வெட்டி எடுப்பது. இடையில் ஒரு 'ஸ்' சேர்வதில் நோயாளியின் அன்றாட வாழ்க்கையே மாறிப்போகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். மருத்துவத்தில் 'அறு' என்ற வினை நமக்குப் புதிதல்ல. 'வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன்போல்' என்று குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் பாடுகிறார். அறுத்தாலும் சுட்டாலும் வைத்தியன்மேல் நோயாளிக்கு அன்பு போகவில்லையாம். அந்த வேரில் பிறந்த 'அறுவை' நல்ல சொல்தான், பேச்சு வழக்கில் சலிப்பூட்டும் பேச்சுக்கும் அதே பெயர் வைத்திருக்கிறோம் என்றாலும். ஆனால் 'பெருங்குடல் அறுவை' என்பது கீறுவது, தைப்பது, எடுப்பது எல்லாவற்றுக்கும் பொது. 'எக்டொமே'யின் 'வெளியே' அதில் வரவில்லை. 'நீக்கம்' அதைச் சொல்கிறது. எவ்வளவு என்பதைத்தான் சொல்லவில்லை.

எனவே 'பெருங்குடல் பகுதிநீக்கம்' என்பதே என் தேர்வு. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் முழுவதையும் எடுக்கும்போது மட்டும் 'முழுநீக்கம்'. ஹெமிகோலெக்டமியில் உள்ள 'ஹெமி'க்குப் பாதி என்று பொருள். அளவுகோல் வைத்துப் பாதி எடுப்பதில்லை. வலப்பக்கம் என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, குடல்வாலோடு சேர்ந்த முட்டுக்குடல் (பெருங்குடலின் தொடக்கம்), மேலேறும் பெருங்குடல், குறுக்குப் பெருங்குடலின் ஒரு பகுதி ஆகியவை போகும். 'வலப்பகுதி நீக்கம்' என்றால் போதும். பாதிக் கணக்கு வேண்டாம்.

பெருங்குடலில் உள்ள புற்றுக்கட்டி நெல்லிக்காய் அளவுதான், அதற்கு எதற்கு இவ்வளவு நீளம் வெட்டுகிறார்கள்? நியாயமான கேள்வி. கட்டிக்கு இருபுறமும் பொதுவாக 5 செ.மீ. நல்ல குடலையும் சேர்த்து எடுப்பது ஒரு காரணம். பெரிய காரணம் நிணநீர்க் கணுக்கள். புற்று பரவினால் குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்களை ஒட்டியிருக்கும் கணுக்களில்தான் பெரும்பாலும் முதலில் தங்கும். அவற்றைச் சுத்தமாக எடுக்க வேண்டுமானால் ரத்த நாளத்தை அதன் அடியிலேயே கட்டி வெட்ட வேண்டும். நாளம் போனால் அது ஊட்டிய குடலும் பிழைக்காது. அதையும் எடுத்தாக வேண்டும். எடுத்த துண்டில் குறைந்தது 12 கணுக்களையாவது நோய்க்கூற்று மருத்துவர் சோதித்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்ற அளவு. நாலைந்தை மட்டும் பார்த்துவிட்டு 'பரவவில்லை' என்று எழுதினால், பார்க்காத கணுவில் நோய் இருந்துவிடலாம். நோயாளிக்குக் கிடைத்திருக்க வேண்டிய கீமோதெரபி கிடைக்காமல் போகலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் 'எக்டமி'. சிகிச்சையின் பயன் இங்கேதான் இருக்கிறது. ஆனால் வெட்டி எடுத்தபின் இரண்டு முனைகள் மிஞ்சுமே, அவற்றை என்ன செய்வது? கோலெக்டமி என்ற சொல்லில் அதைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. அதற்குத் தனிப்பெயர் அனஸ்டமோசிஸ். இங்கும் 'ஸ்தோமா'தான், வாய் திறந்துவிடுதல் என்று பொருள். தமிழில் 'குடல் இணைப்பு'. 'வாயிணைப்பு' என்றாலும் பொருந்தும், வேருக்கும் நெருக்கம்.

அறுவை மருத்துவர் அதிகம் கவலைப்படும் இடங்களில் இந்த இணைப்பு முக்கியமானது. முனைகளுக்கு ரத்தம் சரியாக வராவிட்டால், இழுத்துக் கட்டியதுபோல் விறைப்பாக இருந்தால், தையல் பிரிந்து கசியலாம். குடலில் உள்ளது வயிற்றுக்குள் பரவினால் காய்ச்சல், வலி, நாடித்துடிப்பு ஏறுதல், சிலருக்கு உடனடி மறு அறுவை, மோசமானால் உயிருக்கே ஆபத்து. மலக்குடலில் போடும் இணைப்பில் கசிவு வாய்ப்பு இன்னும் கூடுதல். அதனால்தான் சில நேரம் இணைப்பு ஆறும்வரை தற்காலிகமாக ஒரு 'ஸ்டோமா' வைப்பது. 'வயித்துல பை வெச்சிருக்காங்க' என்கிறோமே, அது. பை வெளியே ஒட்டுவது. உடம்பில் வைப்பது வாய். 'குடல்வாய்' என்று சொல்லிப் பழகலாம்.

ஆகவே 'ஆபரேஷன் சக்சஸ்' என்றால் எதில் என்று கேட்க வேண்டும். பாதுகாப்புக்கு ஒரு கடிகாரம், பயனுக்கு இன்னொரு கடிகாரம். பாதுகாப்பை வழக்கமாக முதல் 30 நாளில் பார்ப்பார்கள், சில ஆய்வுகளில் 90 நாள்: இறப்பு, கசிவு, தொற்று, மறு அறுவை. சிக்கல்களை எடைபோட 2004-இல் வெளியான கிளாவியன்-டிண்டோ வரிசை பயன்படுகிறது. சிறு சிக்கல் முதல் நிலை, இறப்பு ஐந்தாம் நிலை. பயனை அளக்க ஆண்டுகள் வேண்டும்: நோய் திரும்பியதா, 3 ஆண்டு, 5 ஆண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்.

இரண்டு கடிகாரமும் மோதிக்கொண்ட கதை லேப்ராஸ்கோப்பியுடையது. 'லபரா' என்றால் விலாவுக்குக் கீழுள்ள மெத்தென்ற பகுதி, 'ஸ்கொபெயின்' பார்த்தல். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யும் இதைத் தமிழில் நுண்துளை அறுவை என்கிறார்கள். சாவித்துளை என்பதைவிட இது தேவலை. 1990-களின் தொடக்கத்தில் பெருங்குடலுக்கு இந்த முறை வந்தபோது வலி குறைவு, வீடு திரும்புவது சீக்கிரம் என்று மகிழ்ந்தார்கள். அப்புறம், துளை போட்ட இடத்திலேயே புற்று முளைப்பதாகச் செய்திகள் வரத் தொடங்கின. முதல் மாதம் சுகம், மூன்றாம் ஆண்டில் நோய் என்றால் யாருக்கு வேண்டும்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 48 மருத்துவ நிலையங்களில் 872 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கி ஒப்பிட்டு, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 3 ஆண்டில் நோய் திரும்பியது நுண்துளையில் 16 விழுக்காடு, திறந்த முறையில் 18. உயிரோடிருந்தோர் 86, 85 விழுக்காடு. தழும்பில் புற்று முளைத்தது இரண்டிலும் 1 விழுக்காட்டுக்கும் கீழே. நுண்துளையில் தொடங்கியவர்களில் 21 விழுக்காட்டினருக்கு இடையில் திறந்த முறைக்கு மாற நேர்ந்தது. ஆய்வு கேட்ட கேள்வி 'எது மேல்?' என்பதல்ல, 'புதியது தாழ்ந்துவிடவில்லையே?' என்பது. மருத்துவப் புள்ளியியலில் இதற்கென்றே 'நான்-இன்ஃபீரியாரிட்டி' என்று ஒரு சொல் உண்டு. 'தாழ்வின்மை' என்று அதைத் தமிழாக்கலாம். 'சமம்' என்று எழுதினால் தவறு.

அந்தக் கையெழுத்துப் படிவத்தைத் தமிழில் எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: 'பெருங்குடல் வலப்பகுதி நீக்கமும் குடல் இணைப்பும். தேவைப்பட்டால் குடல்வாய் அமைக்கப்படும்.'