‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’: இதில் அழுத்தம் எங்கே இருக்கிறது?

கணினிக்கு மன அழுத்தம் வருமா? வரும் என்கின்றன மொழிபெயர்ப்புக் கருவிகள். புதிதாகப் பூட்டிய மேசைக்கணினியின் மூளையான ப்ராசஸர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்க்க நடத்தும் ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’டை அவை கூசாமல் ‘மன அழுத்தச் சோதனை’ என்று எழுதுகின்றன. இயந்திரம் உளறினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் அதில் ‘மன’த்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு ‘அழுத்தச் சோதனை’ என்று திருத்தி வெளியிடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்போது காணொளிகளில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் பொருள். ப்ராசஸருக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் எல்லாவற்றுக்கும் ஓயாமல் கணக்குக் கொடுத்து, நூறு சதவீதம் வேலை வாங்கி, அது பிழையில்லாமல் கணக்கிடுகிறதா, வெப்பம் எந்த இடத்தில் நிலைகொள்கிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. இதற்குப் பேர்போன மென்பொருள் ப்ரைம்95. இரண்டின் அடுக்கைவிட ஒன்று குறைவான பகா எண்களை, அதாவது மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய ‘கிம்ப்ஸ்’ திட்டத்தின் கருவி அது. நாள்கணக்கில் ஓடும் அந்தத் தேடலில் ஓரிடத்தில் பிசகினாலும் உழைப்பு மொத்தமும் பாழ். அதனால் கணினி நம்பத்தக்கதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஒரு சோதனையையும் அதில் வைத்தார்கள். மெனுவில் அதன் பெயர் ‘டார்ச்சர் டெஸ்ட்’. அதைத் தமிழாக்க யாரும் இன்னும் கிளம்பாதது நாம் செய்த புண்ணியம்.

‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லுக்கு மூலம் ‘இறுக்குதல்’ என்ற பொருளுடைய இலத்தீன் வினை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இன்னல், நெருக்கடி என்று பொருள்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் பொறியியலார் அதை ஓரலகுப் பரப்பில் இயங்கும் விசைக்குப் பெயராக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டில் மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செலியே உடலியலுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்துதான் மனத்துக்குப் பரவியது. கடைசியாக வந்த பொருளைத் தமிழில் முதல் பொருளாக உட்காரவைத்ததில் தொடங்குகிறது இந்தக் கோளாறு.

சரி, ‘அழுத்தம்’ ஏன் கூடாது? கீழே உள்ள வாக்கியத்தை நானே எழுதினேன், ஆனால் இந்தச் சொல்லாக்கத்தை ஏற்றுக்கொண்ட எவரும் இப்படித்தான் எழுதியாக வேண்டும் (ஹீட்சிங்க் என்பது ப்ராசஸர் மேல் பொருத்தி அதன் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகம்): “அழுத்தச் சோதனையில் வெப்பநிலை 100 டிகிரியைத் தொட்டால், மின்னழுத்தத்தைச் சற்றுக் குறையுங்கள், ஹீட்சிங்கின் அழுத்தம் சீராக இருக்கிறதா என்றும் பாருங்கள்.”

மூன்று அழுத்தம், மூன்றும் வெவ்வேறு. நடுவில் இருப்பது வோல்டேஜ். அதற்கு மின்னழுத்தம் என்று பள்ளிப் பாடநூலிலேயே பெயர் நிலைத்துவிட்டது. வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதில் முதலில் கைவைக்க வேண்டிய இடமும் அதுதான். ப்ராசஸர் இயங்குவதற்குச் செலவிடும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதே வேகத்தில் 1.35 வோல்ட்டை 1.25 ஆக்கினால் அந்தச் செலவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மிச்சம். அவ்வளவு வெப்பமும் மிச்சம். மூன்றாவது, உண்மையான அழுத்தம். ஹீட்சிங்கின் அடித்தகடு ப்ராசஸர் மேல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுந்த வேண்டும். அதற்காகத்தான் நான்கு திருகுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முழுவதும் முறுக்காமல், மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குவார்கள். தகட்டில் ஒட்டிவரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை உரிக்க மறந்துவிட்டு, நூறு டிகிரி காட்டுகிறதே என்று கம்பெனியைத் திட்டுகிறவர்களும் உண்டு. அது வேறு கதை. முதலில் நிற்கும் ‘அழுத்தத்துக்கு’ மட்டும் அந்த வாக்கியத்தில் ஒரு வேலையும் இல்லை. எதுவும் எதையும் அங்கே அழுத்தவில்லை.

‘அழுத்தச் சோதனை’ என்று கேட்கிற ஒரு புதியவர், ஹீட்சிங்க் சரியாக அழுந்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள் போலும் என்று நினைத்தால் அவர்மேல் என்ன குற்றம்? போதாததற்கு அந்தப் பெயருக்கு ஏற்கெனவே உரிமையாளர் இருக்கிறார். குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க நீரையோ காற்றையோ ஏற்றி நடத்துவது அழுத்தச் சோதனை. தனித்தனிக் குழாய் பூட்டி நீரால் குளிர்விக்கும் கணினிகளில், தண்ணீர் நிரப்புமுன் காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கும் வழக்கமும் உண்டு. ஆக, ஒரே பெட்டிக்குள் அசலும் போலியும் ஒரே பெயரில்.

இயற்பியல் படித்தவர்கள் சிலர், ஸ்ட்ரெஸ்ஸுக்கு அங்கே வழங்கும் ‘தகைவு’ என்ற சொல்லை எடுத்து ‘தகைவுச் சோதனை’ என்கிறார்கள். இழுத்துப் பிடித்த எஃகுக் கம்பிக்குத் தகைவு அருமையான சொல். அங்கே பரப்பு இருக்கிறது, விசை இருக்கிறது. கோர்களுக்குக் கணக்குக் கொடுப்பதில் இரண்டும் இல்லை. அகராதியில் நேர்ச்சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக அதைக் கண்ட இடத்தில் ஒட்டக் கூடாது. வங்கிகளை நெருக்கடிக்கு ஈடுகொடுக்குமா என்று ஆராய்வதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். நெஞ்சில் ஒயர் ஒட்டி நோயாளியை நடக்கவிடுவதற்கும் இதே பெயர்தான். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதால் தமிழிலும் ஒன்றே வேண்டும் என்ற கட்டாயம் யார் விதித்தது? வங்கிக்குத் ‘தாங்குதிறன் சோதனை’ நன்றாகவே பொருந்தும். மருத்துவமனையில் எல்லாரும் டிஎம்டி (ட்ரெட்மில் டெஸ்ட்) என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ப்ராசஸருக்கு என் பரிந்துரை ‘முழுப்பளுச் சோதனை’. வேலைப்பளு என்பது அலுவலகம் போகும் யாருக்கும் விளக்க வேண்டாத சொல். ப்ராசஸருக்கு நாம் கொடுப்பதும் வேலைப்பளுதான், குறையாமல் முழுதாக. ‘பளுச் சோதனை’ என்பது லோடு டெஸ்ட் அல்லவா என்று மென்பொருள்காரர்கள் மறுப்பார்கள். சர்வர்களில் எதிர்பார்க்கும் அளவு பளுவைக் கொடுப்பது லோடு டெஸ்ட், அதைத் தாண்டிக் கொடுப்பது ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று அவர்களுக்குப் பிரிவு உண்டு. ப்ராசஸரில் நூறு சதவீதத்தைத் தாண்ட இடமே இல்லை. ‘முழு’ என்ற முன்னொட்டு அதைத்தான் சொல்கிறது. தாங்குதிறன் என்பதை இங்கே நான் ஏற்காததற்கும் காரணம் உண்டு. தாங்குகிறதா என்று பார்ப்பது ப்ராசஸரை மட்டும் அல்ல. ஹீட்சிங்க், மின்வழங்கி, கணினி தொடங்கும்போதே இயங்கும் பயாஸ் நிரலின் அமைப்புகள், அறையின் புழுக்கம் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சோதனைக்கு உட்படுகின்றன. குளிர்சாதன அறையில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே சோதித்துப் பதறுகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றால் குளிரும் ஹீட்சிங்க் அறை வெப்பத்துக்குக் கீழே எதையும் இறக்காது. அறை பத்து டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும்.

இதே கூட்டத்தில் உருவான இன்னொரு சொல் ‘வெப்ப நெரிப்பு’. வெப்ப வரம்பைத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே இறக்கிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘த்ராட்லிங்’ என்பார்கள். அந்தச் சொல் தொண்டையிலிருந்து பிறந்தது உண்மைதான். ஆனால் கணினிக்கு அது நீராவி எஞ்சினின் வால்வு வழியாக வந்தது, கொலைக்களத்திலிருந்து அல்ல. ‘வேகத் தணிப்பு’ என்றால் போதும். நெரிப்பு என்று எழுதுவதால் படிப்பவர் ஏதோ விபரீதம் என்று பயந்துவிடுகிறார். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை ப்ராசஸர்கள் 2022இல் வந்தபோது, முழுப்பளுவில் 95 டிகிரியில் ஓடுவது வடிவமைப்பின்படியே என்று அந்நிறுவனம் விளக்கியது. இன்டெலின் பல மேசைக்கணினி ப்ராசஸர்களுக்கு வரம்பு 100. இதைத் தமிழில் ‘ஆபத்தான வெப்பநிலை’ என்று எழுதுகிறவர், மூலத்தைப் படித்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ப்ராசஸருக்கு வழங்கிய ‘செயலி’ என்ற சொல்லை நாளிதழ்கள் கைபேசி ஆப்புக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டன. இனி “செயலி சூடாகிறது” என்று எழுதினால், படிப்பவர் ஆப்பைத்தான் அழிப்பார். அதனால்தான் மேலே முழுக்க ப்ராசஸர் என்று எழுதினேன். தனித்தமிழ் அன்பர்கள் நுண்செயலி என்று திருத்தச் சொன்னால் மறுக்க மாட்டேன். வெறும் செயலி என்று திருத்தினால் விட மாட்டேன்.