நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர்

"எர்த் தடை குறைய வேண்டும் என்றுதானே படித்தோம்? பெரிய டிரான்ஸ்பார்மர்களில் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் இடத்தில் ஏன் வேண்டுமென்றே ஒரு ரெசிஸ்டரை வைக்கிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம்.

எர்த் குழியின் தடை குறைவாகத்தான் இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. ரெசிஸ்டர் அமர்வது அந்தக் குழிக்கும், மூன்று ஃபேஸ்களும் சேரும் நடுப்புள்ளியான நியூட்ரலுக்கும் நடுவில். ஒரு ஃபேஸ் மண்ணைத் தொட்டால் மின்னோட்டம் மண் வழியாக நியூட்ரலுக்குத் திரும்பும். வழியில் எதுவும் தடுக்காவிட்டால் அது பல ஆயிரம் ஆம்பியருக்கு ஏறி, மோட்டாரின் இரும்புத் தகடுகளையே உருக்கிவிடும். 11 கிலோவோல்ட் அமைப்பில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 6,350 வோல்ட். 16 ஓம் வைத்தால் 400 ஆம்பியரோடு நின்றுவிடும். வெறும் ஓம் விதிதான்.

சரி, மின்னோட்டம் குறைவதுதான் நோக்கம் என்றால் நியூட்ரலை எர்த் செய்யாமலே விட்டுவிடலாமே? இங்கேதான் விஷயம் அழகாகிறது.

கேபிளின் செம்பு, சுற்றியுள்ள இன்சுலேஷன், அதற்கு வெளியே எர்த் செய்த உறை: மூன்றும் சேர்ந்தால் ஒரு மின்தேக்கி. அதனால் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருந்தாலும், விரிசல் விட்ட இன்சுலேஷனில் சில ஆம்பியர் பொறியாகத் தாவும். மின்தேக்கி வழி வருகிற மின்னோட்டம் வோல்டேஜிலிருந்து 90 டிகிரி விலகியது. ஆகவே மின்னோட்டம் பூஜ்யமாகிப் பொறி அணையும் அதே கணத்தில் அந்த ஃபேஸின் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும். கேபிள்களில் ஏறிய மின்னூட்டம் போக வழியில்லாமல் அப்படியே சிக்கிக்கொள்கிறது. 50 ஹெர்ட்ஸில் அடுத்த அரைச் சுழற்சிக்கு 10 மில்லி விநாடி. அதற்குள் ஃபேஸ் எதிர் உச்சத்துக்குப் போய்விட, சிக்கிய வோல்டேஜும் சேர்ந்து விரிசலில் இரண்டு மடங்கு நிற்கும். சூடு ஆறாத காற்று மறுபடி உடைகிறது. அணைவதும் பற்றுவதுமாக இது தொடர்ந்தால், நல்ல ஃபேஸ்களின் வோல்டேஜ் வழக்கத்தைப்போல ஐந்தாறு மடங்கு வரை ஏறக்கூடும். பழுதுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு மோட்டார் எங்கோ எரியும்.

ரெசிஸ்டர் இருந்தால் சிக்கிய மின்னூட்டம் அது வழியே வடிந்துவிடும். எவ்வளவு வேகமாக? பழுதின்போது மின்தேக்கி வழி எத்தனை ஆம்பியர் போகுமோ அதே அளவு ரெசிஸ்டர் வழியும் போகும்படி தடையைத் தேர்ந்தெடுங்கள். கேபிள் நீளம் எதுவானாலும், வோல்டேஜ் எதுவானாலும், வடியும் கால மாறிலி (மின்னூட்டம் சுமார் 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம்) 3.2 மில்லி விநாடிதான் வரும். பொறி மறுபடி பற்றக்கூடிய 10 மில்லி விநாடிக்குள் மிஞ்சுவது 4 சதவீதம் மட்டுமே. 16 ஓம் போன்ற சின்னத் தடை இதைவிடப் பல மடங்கு வேகம். 400 ஆம்பியர் என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்து, இந்த அரைச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்து காட்டாமல் விடுவது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இனி இணைப்பு. டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் வெளியே வரும் இன்சுலேட்டரான புஷ்ஷிங்கிலிருந்து கேபிள், வழியில் மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சி.டி. (கரண்ட் டிரான்ஸ்பார்மர்), அப்புறம் ரெசிஸ்டர், கடைசியில் எர்த். அந்தக் கேபிளுக்கு முழு இன்சுலேஷன் கட்டாயம். சாதாரண நாளில் அதில் வோல்டேஜ் ஏறக்குறைய இருக்காது. பழுது வந்த நொடியில் 6,350 வோல்ட் வரை ஏறும். எர்த் கம்பிதானே என்று அதில் கை வைக்கக் கூடாது. ரெசிஸ்டர் தாங்க வேண்டியது பெரும்பாலும் 10 விநாடி. அந்த நேரத்தில் அதில் இறங்கும் வெப்பம், 85 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதற்குள் சி.டி. சொல்லி, பழுதைக் கண்டறியும் ரிலே பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும்.

ரெசிஸ்டர் ஆண்டு முழுக்கச் சும்மா நிற்கிற பெட்டி என்பதால், உள்ளே ஒரு தடைத் தகடு அறுந்தாலும் வெளியே எதுவும் தெரியாது. விளக்கு எரியும், மோட்டார் ஓடும், நியூட்ரல் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். பராமரிப்பு நாளில் இணைப்பைக் கழற்றி ஓம் அளந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.