விகிதமா, வீதமா? ‘மகப்பேற்று இறப்பு விகிதம்’

‘மகப்பேறு இறப்பு விகிதம் 54 சதவீதம்.’ இப்படி ஒரு வரியைப் படித்தால் நெஞ்சு திக்கென்று இருக்க வேண்டும். பிள்ளை பெறப் போன பெண்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை என்றல்லவா அதற்குப் பொருள்? ஆனாலும் யாரும் பதறுவதில்லை. 54 சரிதான், சதவீதம்தான் தப்பு. அது உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் இறப்பு. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவு முறை 2018–20 காலத்துக்குத் தமிழ்நாட்டுக்குத் தந்த எண். சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் இதைச் சுருக்கமாக எம்.எம்.ஆர். என்பார்கள். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடும் தடுப்பூசிக்கும் அதே பெயர்தான். ஆகவே யாராவது ‘எம்.எம்.ஆர். கூடியிருக்கிறது’ என்றால் மகிழ்வதா வருந்துவதா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.)

ஆங்கிலத்தில் அது மெட்டர்னல் மார்ட்டாலிட்டி ரேஷியோ. மெட்டர்னல் என்பது தாயைக் குறிக்கும் ‘மாட்டர்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மார்ட்டாலிட்டி, சாவைக் குறிக்கும் ‘மோர்ஸ்’ என்பதிலிருந்து. இவை இரண்டிலும் சிக்கல் இல்லை. சிக்கல் மூன்றாவது சொல்லில். அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழில் நாம் தாயை விட்டுவிட்டு பேற்றைப் பிடித்துக்கொண்டோம். மக என்றால் பிள்ளை. பெறு என்ற வினையின் முதலெழுத்து நீண்டால் பேறு, ‘சுடு’ ‘சூடு’ ஆவதுபோல. திருக்குறளின் 7ஆம் அதிகாரத்துக்கு மக்கட்பேறு என்று தலைப்பிடும் பதிப்புகள் உண்டு. பேறு என்பதற்குப் பிரசவம் என்பதோடு கிடைத்தற்கரிய செல்வம் என்றும் பொருள். ‘பேறு பெற்றவர்’ என்று பாக்கியசாலியைத்தானே சொல்கிறோம். அந்தச் சொல்லின் பக்கத்திலேயே ‘இறப்பு’ வந்து உட்காரும்போது தமிழில் ஒரு உறுத்தல் இருக்கிறது. ஆங்கிலத் தொடரில் அது இல்லை.

இலக்கணப்படி மகப்பேறு + இறப்பு என்பது மகப்பேற்று இறப்பு என்று வர வேண்டும், ஆறு + நீர் ஆற்றுநீர் ஆவதுபோல. ‘மகப்பேறு மருத்துவர்’ என்ற பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பழகிவிட்டதால் இது கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். தலைப்பில் நான் இலக்கணத்தோடு போயிருக்கிறேன். நீங்கள் ‘மகப்பேறு இறப்பு’ என்றே எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

சண்டை போடவேண்டிய இடம் வேறு. மகப்பேறு என்றதும் பிரசவ அறைதான் கண்முன் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை அதைவிட அகலமானது. கருவுற்ற நாள் முதல், கர்ப்பம் எப்படி முடிந்தாலும் முடிந்த பின் 42 நாள் வரை, கர்ப்பத்தாலோ, கர்ப்பம் மோசமாக்கிய நோயாலோ, அதற்கான சிகிச்சையாலோ ஏற்படும் இறப்பு எல்லாம் இதில் அடங்கும். பிரசவத்தில் இரத்தப்போக்கால் இறந்தவர் மட்டுமல்ல, இரண்டாம் மாதத்தில் கருக்குழாயில் கரு தங்கி வெடித்து இறந்தவரும், கருக்கலைப்பில் இறந்தவரும், ஏற்கெனவே இருந்த இதய நோய் கர்ப்பத்தில் முற்றி இறந்தவரும் கணக்கில் உண்டு. எட்டு மாதக் கர்ப்பிணி பேருந்து மோதி இறந்தால் அது கணக்கில் வராது. கர்ப்பத்தோடு தொடர்பில்லாத விபத்து அது.

இதனால்தான் ‘பிரசவ மரணம்’ என்ற வழக்கு போதாது. ‘பேறுகால இறப்பு’ கொஞ்சம் பரவாயில்லை; ஆனால் பிறப்பையொட்டி நிகழும் சிசு மரணத்தோடு குழம்பிவிடும். யாருடைய இறப்பு என்று அந்தச் சொல் சொல்வதில்லை. ‘தாய் இறப்பு’ என்றால் எண்பது வயதில் காலமான அம்மாவும் உள்ளே வந்துவிடுகிறார். ‘மகப்பேறுசார் இறப்பு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ‘சார்’ என்ற அந்தச் சின்ன ஒட்டு, காரணத்தையும் காலத்தையும் சேர்த்தே இழுத்து வருகிறது. பத்திரிகைத் தலைப்புக்கு மகப்பேற்று இறப்பு போதும்.

சரி, மூன்றாவது சொல். ரேஷியோ, ரேட் இரண்டும் ‘கணக்கிடு’ என்ற ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள். பள்ளிக் கணக்கில் முன்னது விகிதம், பின்னது வீதம். ஆனால் வழக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன: சதவீதம், சதவிகிதம் இரண்டையும் ஒரே பொருளில் எழுதுகிறோம். இலங்கையில் வட்டி வீதம் என்பதைத் தமிழ்நாட்டில் வட்டி விகிதம் என்கிறோம். வங்கிக் கணக்கில் இதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. இங்கே கெடும்.

ஏனென்றால் மகப்பேற்று இறப்புக்கு இரண்டு தனித்தனி அளவுகள் இருக்கின்றன. விகிதம் என்பது உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை பெண்கள் இறந்தார்கள் என்பது. வீதம் என்பது 15 முதல் 49 வயது வரையுள்ள ஒரு லட்சம் பெண்களில் ஓராண்டில் எத்தனை பேர் இப்படி இறந்தார்கள் என்பது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மாவட்டத்தில் அந்த வயதுப் பெண்கள் ஒரு லட்சம் பேர். ஓராண்டில் 6,000 குழந்தைகள் பிறக்கின்றன, 6 பெண்கள் இறக்கிறார்கள். விகிதம் 100, வீதம் 6. சில ஆண்டுகள் கழித்து, பெண்கள் அதே ஒரு லட்சம், பிறப்பு 4,000, இறப்பு 4. வீதம் 6இலிருந்து 4 ஆகிவிட்டது. விகிதமோ அதே 100. பிள்ளை பெறுபவர்கள் குறைந்ததால் இறப்பும் குறைந்தது, அவ்வளவுதான். பிரசவத்துக்கு மருத்துவமனைக்குள் நுழையும் ஒரு பெண்ணுக்கு ஆபத்து இம்மியும் குறையவில்லை. வீதத்தை மட்டும் காட்டி ‘மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டோம்’ என்று மேடையில் பேசலாம், பொய்யும் ஆகாது.

அது ஏன் விகிதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை இறப்புக் கணக்கில், இறந்த குழந்தை உயிருடன் பிறந்தவற்றில் ஒன்று. பகுதி முழுமைக்குள் இருக்கிறது. இங்கே அப்படியில்லை. பின்னத்தின் மேலே தாய், கீழே குழந்தை. இரட்டைப் பிள்ளை பெற்றவர் கீழே இரண்டாக எண்ணப்படுவார்; பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே இறந்தவர் மேலே மட்டும் இருப்பார், கீழே அவருக்கு ஈடாக எதுவும் இல்லை. நியாயமாகக் கீழே எல்லாக் கர்ப்பங்களும் வரவேண்டும். கலைந்த கருக்களை யார் எண்ணுவது? அதனால்தான் பதிவில் கிடைக்கிற உயிர்ப்பிறப்பை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். சதவீதம் என்ற சொல் இதற்கு ஒட்டாததற்கும் இதுவே காரணம்.

ஆண்டைக் குறிக்கும்போது ‘2018–20’ என்று மூன்றாண்டைச் சேர்த்துச் சொல்வதையும் கவனியுங்கள். மாதிரிக் கணக்கெடுப்பில் இந்த இறப்புகள் மிகச் சில. ஓராண்டை மட்டும் எடுத்தால் எண் துள்ளும். இந்தியாவுக்கு 2014–16இல் 130 ஆக இருந்தது 2018–20இல் 97. அதே மூன்றாண்டில் கேரளத்தில் 19, அசாமில் 195. 2030க்குள் உலக அளவில் 70க்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் நிலைபேறான வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. அட, அங்கேயும் ஒரு பேறு! ஆனால் அது நிலைபெறுவது, பிள்ளைப்பேற்றோடு அதற்கு உறவில்லை.

எழுதும்போது நான் இப்படி எழுதுகிறேன்: ‘2018–20இல் தமிழ்நாட்டின் மகப்பேற்று இறப்பு விகிதம் லட்சத்துக்கு 54.’ முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு’ என்று விரித்துவிடுவேன். அப்புறம் வீதம் என்ற சொல்லை வேறு அளவுக்கென்று தொடாமல் வைத்துக்கொள்கிறேன்.