பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது. நான்கு வீடுகள், நான்கு பிள்ளைகள், எல்லாருக்கும் யாரோ சொன்ன ஒரே அறிவுரை: "வீட்டில் உங்கள் மொழியை நிறுத்துங்கள், பிள்ளை குழம்புகிறது." மூன்று தமிழ் வீடுகள், ஒன்று செமாய் என்ற பழங்குடி வீடு. தமிழ் வீடுகளுக்காகத் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு அந்த நான்காவது வீட்டுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பேச்சுச் சிகிச்சை கொடுப்பவள். மலேசியாவில், ஈப்போவிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் தாப்பாவுக்கு வந்து ஒரு கடைவீட்டு மாடியில் பிள்ளைகளைப் பார்க்கிறேன். (எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.) ஊரைச் சுற்றித் தோட்டங்கள், முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் போனால் செமாய் மக்களின் கம்பங்கள், அதாவது கிராமங்கள். சாலையோரத்தில் பெத்தாய் என்ற நாற்றமடிக்கும் அவரை மாதிரிக் காயைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு விற்பார்கள், நாம் காரை நிறுத்திப் பேரம் பேசி வாங்குவோம். அவர்களோடு நம் பழக்கம் அவ்வளவுதான்.

அந்தச் சிறுமிக்கு நான்கு வயது. அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். அம்மாவும் பாட்டியும் கூட்டி வந்தார்கள். பிள்ளை வாயே திறப்பதில்லை, வீட்டில் மலாய் மட்டும் பேசுங்கள் என்று பாலர் பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். அம்மா ஒரு வருடமாக அப்படியே செய்திருக்கிறார். பாட்டிக்குத் தெரிந்த மலாய் பெத்தாய் விற்கும் அளவுக்குத்தான், அதனால் அவர் பேத்தியிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். பகலெல்லாம் பிள்ளையோடு இருக்கிற ஆளின் வாயைக் கட்டிவிட்டு, பிள்ளை பேசவில்லை என்று என்னிடம் அனுப்பி வைக்கிறார்கள்!

நானும் முதலில் அதே தப்பைத்தான் செய்தேன். மலாய்ப் பட அட்டைகளை எடுத்து வைத்து, இது என்ன, அது என்ன என்று நாற்பது நிமிடம் கேட்டேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள். பாட்டிக்குப் பொறுமை போய்விட்டது போல. பையிலிருந்து ஒரு பெத்தாய்க் காயை எடுத்து நகத்தால் கீறி, பச்சைக் கொட்டை ஒன்றைப் பிதுக்கி என்னிடம் நீட்டினார். உடனே அந்தப் பிள்ளை பாட்டியின் கையைப் பிடித்து இழுத்து, மூச்சு விடாமல் ஏதோ சொன்னாள். அம்மா சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார்: டீச்சருக்குக் கொடுக்காதே, நாளைக்கும் அவங்க வாய் நாறும் என்கிறாள்.

வேண்டாம் என்கிறாள், ஏன் வேண்டாம் என்கிறாள், நாளைக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாள். நான்கு வயதுக்கு இது நல்ல பேச்சு. என் மதிப்பீட்டுத் தாளில்தான் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

வெளியே பேரனோடு காத்திருந்த தமிழ் அம்மா ஒருவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "ஏன் டீச்சர், அதுங்களுக்குத் தனியா பாஷை வேற இருக்கா? காட்டு மலாய்தானே?" அந்த "அதுங்க" என்னைச் சுட்டது. நம்மை யாராவது கெலிங் என்று இழிவாகச் சொன்னால் கொதிக்கிறோம், ஆனால் இவர்களை இழிவாகச் சொல்லும் சக்காய் என்ற சொல் நம் வீடுகளில் இன்னும் சாதாரணமாகப் புழங்குகிறது. செமாய் மலாயின் வட்டார வழக்கு இல்லை அம்மா. அது வேறு குடும்பம். பர்மாப் பக்கத்து மோன், கம்போடியாவின் கெமர், இவைதான் அதற்குச் சொந்தம். மலாயாத் தீபகற்பத்தில் அரசு கணக்கில் 18 ஒராங் அஸ்லி (பழங்குடி) இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரியது செமாய். அதற்கே இந்த நிலை என்றால் மற்றவற்றை நினைத்துப் பாருங்கள்.

சரி, குழப்பத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது இதுதான். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சுத் தாமதம் வராது. வராது. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலந்தால் அது குழப்பமும் இல்லை, இருக்கிற சொல்லை எடுத்துப் போடுகிறது, நாம் "காரை ரிவர்ஸ் எடு" என்பது போல. மலாய்ச் சொற்களை மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். ஒரு கடைக்காரர் இரண்டு கல்லாவில் காசு வைத்திருக்கிறார், நீங்கள் ஒன்றை மட்டும் திறந்து பார்த்து ஏழை என்கிறீர்கள். இரண்டையும் கூட்டி எண்ணுங்கள். உண்மையான பேச்சுக் குறைபாடு என்றால் அது எல்லா மொழியிலும் தெரியும், ஒரு மொழியில் மட்டும் ஒளிந்துகொள்ளாது. அப்படிக் குறைபாடு இருக்கிற பிள்ளையும்கூட இரண்டு மொழி கற்கும், வீட்டு மொழியைப் பிடுங்கினால் குறைபாடு போகாது, பாட்டிதான் போவார். வராத மொழியில் பிள்ளையிடம் பேசும் அம்மா என்ன பேசுவார்? வா, போ, உட்கார், சாப்பிடு, தொடாதே. கதை இல்லை, கோபத்துக்குக் காரணம் இல்லை, கிண்டல் இல்லை. பிள்ளைக்கு மொழி வளர்வதே இவற்றில்தான்.

கிரிக் பக்கத்துக் காடுகளிலும் கிளந்தானிலும் ஜஹாய் என்று இன்னோர் ஒராங் அஸ்லி இனம். வாசனைக்கென்றே தனிச் சொற்கள் ஒரு டஜன் அளவுக்கு வைத்திருக்கிறார்கள். "வாழைப்பழ வாசனை", "மல்லிகை வாசனை" என்று பொருளின் பெயரைச் சொல்லிச் சமாளிக்கும் வகை இல்லை, சிவப்பு, பச்சை மாதிரி தனித்து நிற்கும் சொற்கள். பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றின் நெடிக்கும் ஒரே சொல். புலியை இழுக்கும் இரத்த வாடைக்கு இன்னொன்று. 2014இல் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாசனைக்குப் பெயர் சொல்லத் திணற, ஜஹாய்க்காரர்கள் நிறத்தைச் சொல்வது போலவே சுலபமாகச் சொன்னார்கள். பெத்தாய் வாடையைப் பற்றி எச்சரித்த என் சிறுமி ஜஹாய் இல்லை, செமாய். இருந்தாலும் அன்று முழுக்க எனக்கு அதுதான் ஞாபகம்.

நமக்கு 500க்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவர்களுக்கு? சில பள்ளிகளில் செமாய் ஒரு பாடமாக இருக்கிறது, 1959இல் தொடங்கிய ஒராங் அஸ்லி வானொலி இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ சொல்லித்தர வேண்டும். பழங்குடி மொழிக்கும் அதே 15தான், ஆனால் "நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தால்" என்று கூடவே ஒரு வால். அந்த வாலில்தான் எல்லாம் தொங்குகிறது.

நியூசிலாந்தில் மாவோரிகள் 1982இல் கோஹங்கா ரேயோ என்று தொடங்கினார்கள். மொழிக்கூடு என்று பொருள். பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்களோடு விட்டுவிடுவது, அங்கே மாவோரி மட்டும்தான் பேச்சு. கருத்தரங்கில் இதைக் கேட்டபோது எனக்கு நம் தோட்டத்து ஆயாக்கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போகிற தாய்மார் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போக, ஒரு கிழவி பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தூளியில் ஆட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். என் அம்மா அங்கே வளர்ந்தவர். அவருடைய தமிழ் எந்தப் பள்ளியிலும் படித்தது இல்லை.

ஆகவே, தயவுசெய்து. பிள்ளை பேசவில்லையா, முதலில் காது சோதனை செய்யுங்கள், கைப்பேசியைப் பிடுங்குங்கள், மொழியைப் பிடுங்காதீர்கள். 18 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, எந்த மொழியிலும் இல்லை என்றால் காத்திருக்காமல் வாருங்கள். பாலர் பள்ளி ஆசிரியர்களே, உங்களுக்குப் பிள்ளையின் மொழி தெரியாவிட்டால் "பேசவில்லை" என்று எழுதாதீர்கள், "எனக்குப் புரியும் மொழியில் பேசவில்லை" என்று எழுதுங்கள். என் துறைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். செமாய்க்கு நம்மிடம் சோதனைத் தாள் கிடையாது, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதினால் குறைந்துபோக மாட்டோம்.

கிளம்பும்போது பாட்டி என்னைப் பார்த்து "போர்" என்றார். ஐயோ, இரண்டு மணி நேரம் சலித்துப்போய்விட்டது போல என்று நினைத்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். செமாயில் போர் என்றால் "நல்லது". அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் வருகிறார்கள். என் அறையில் இரண்டு நாற்காலிதான், மூன்றாவதைக் கீழே ரொட்டிச்சானாய்க் கடையில் கேட்டு வைத்திருக்கிறேன்.