இணைப்பு: கோப்பா, சுட்டியா?

"தெரியாதவங்க அனுப்புற இணைப்பைத் திறக்காதீங்கன்னு போட்டிருக்கான். எந்த இணைப்புப்பா? நீலமா அடிக்கோடு போட்டிருக்கே அதுவா, கடுதாசிக்குக் கீழே ஒட்டிக்கிட்டு இருக்கே அதுவா?"

பெரியப்பா போனில் இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. மின்னஞ்சலோடு வரும் அட்டாச்மென்ட், அதற்குள் இருக்கும் லிங்க் இரண்டையும் நாம் இணைப்பு என்றே எழுதிவருகிறோம். எச்சரிக்கை வாசகத்தில் இந்தக் குழப்பம் இருந்தால் அந்த எச்சரிக்கையால் யாருக்கும் பயனில்லை.

'இணை' என்றால் இரட்டை, சோடி, நிகர். இரண்டு பொருள் தாமாகச் சேர்ந்தால் இணைதல், நாம் சேர்த்தால் இணைத்தல். அதனால் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என எதற்கும் இச்சொல் பொருந்திவிடுகிறது. அரசு அலுவலகக் கடிதங்களின் அடியில் 'இணைப்பு: 2' என்று எழுதும் பழக்கமும் உண்டு, கடிதத்தோடு இரண்டு தாள் வருகிறது என்று பொருள். மின்னஞ்சலோடு வரும் கோப்புக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தது இயல்புதான்.

ஆங்கிலத்தின் 'அட்டாச்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. கட்டுவதற்காக நட்டுவைக்கும் கழி, முளை என்ற பொருளுள்ள ஒரு ஜெர்மானிய வேர்ச்சொல் அதன் அடியில் இருக்கிறது என்பார்கள். ஆங்கிலத்தில் அது முதலில் சட்டச் சொல்லாகத்தான் புழங்கியது: ஆளைப் பிடிப்பது, சொத்தை முடக்குவது. நம் நீதிமன்றத் தமிழில் இன்றும் அட்டாச்மென்ட் என்பது ஜப்தி அல்லது பற்றுகை.

மின்னஞ்சலுக்கு இந்தச் சொல் முக்கியமானது 1992இல். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று கணினி அறிஞர் நத்தேனியல் போரன்ஸ்டைன், தாம் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் மடலோடு சேர்த்து அனுப்பினார். அவரும் நெட் ஃப்ரீடும் வகுத்த 'மைம்' என்னும் முறை ஜூனில் வெளியானது. அதன்படி படமோ பாட்டோ வெறும் எழுத்துகளாக மாற்றப்பட்டு, மடலுக்குள்ளேயே தனிப் பகுதியாக வைக்கப்படுகிறது. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்ற கணக்கில் மாறுவதால், அனுப்பும்போது கோப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிடும்.

பெரியப்பாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அட்டாச்மென்ட் என்பது மடலோடு கூடவே வந்து நம் அஞ்சல்பெட்டியில் இறங்கிவிட்ட பொருள். லிங்க் வெறும் முகவரி. பொருள் வேறெங்கோ கிடக்கிறது. ஆகவே லிங்க்குக்குச் சுட்டி, தொடுப்பு இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மவுஸுக்கும் சுட்டி என்கிறோம், தொடுப்புக்குப் பேச்சில் வேறு பொருளும் உண்டு. ஆனாலும் இடம் பார்த்துப் புரிந்துவிடும். அட்டாச்மென்டுக்கு 'உடனிணைப்பு' அழகான சொல். 'பின்னிணைப்பு' வேண்டாம், அது நூலின் கடைசியில் வருவது. என் தேர்வு 'இணைப்புக் கோப்பு'. கேட்டவுடனே வந்திருப்பது ஒரு கோப்பு என்று தெரிந்துவிடுகிறது.

கோப்பு என்ற சொல்லே எனக்கு மிகவும் பிடிக்கும். மணி கோக்கிறோம், ஊசியில் நூல் கோக்கிறோம். அந்தக் 'கோ'விலிருந்து வந்தது கோப்பு. ஆங்கிலத்தின் 'ஃபைல்' லத்தீனில் நூலைக் குறிக்கும் 'ஃபீலும்' என்பதிலிருந்து வந்தது. தாள்களை நூலில் கோத்துவைத்த இரண்டு ஊர் எழுத்தர்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

சரி, அடுத்த குழப்பம் 'திற'. உலாவியில் அஞ்சல் பார்ப்பவருக்கு இந்த ஒரு வினைக்குள் குறைந்தது மூன்று செயல்கள் இருக்கின்றன. முதலாவது முன்னோட்டம். பெரிய அஞ்சல் சேவைகளில் வேர்டு, எக்செல் கோப்பைச் சொடுக்கினால் சேவையின் கணினியே அதைப் பக்கங்களாக்கிக் காட்டுகிறது. கோப்பு நம் கணினிக்குள் இறங்குவதில்லை. உள்ளே மேக்ரோ (கோப்புக்குள் ஒளிந்திருக்கும் குட்டி நிரல்) இருந்தாலும் அங்கே ஓடாது. உள்ளே இருக்கும் சுட்டியைச் சொடுக்கினால் மட்டும் அது வேறு கதை. இரண்டாவது பதிவிறக்கம். மூன்றாவது, இறக்கியதை நம் கணினியில் இரட்டைச் சொடுக்குப் போடுவது. அந்தக் கோப்பு ஒரு நிரலாக இருந்தால் அது திறத்தல் அல்ல, இயக்குதல்.

2000 மே 4 அன்று பரவத் தொடங்கிய 'ஐ லவ் யூ' புழு, அதாவது தானே பரவும் நச்சு நிரல், இந்தக் குழப்பத்தில்தான் பிழைத்தது. காதல் கடிதம் என்ற பெயரில் வந்த கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடிந்தது. டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்துக் கோப்பு, விபிஎஸ் என்றால் நிரல். கோப்பின் வகையைச் சொல்லும் கடைசிப் பின்னொட்டு தனக்குத் தெரிந்ததாக இருந்தால் விண்டோஸ் மறைத்துவிடும் என்பதால் பலர் கண்ணுக்கு 'டிஎக்ஸ்டி' மட்டும் பட்டது. படிப்பதாக நினைத்தவர்கள் ஒரு நிரலை ஓடவிட்டார்கள்.

உலாவியில் இன்னொரு வகையும் வருகிறது: ஹெச்டிஎம்எல் கோப்பு, அதாவது இணையப் பக்கத்தின் கோப்பு. இறக்கிச் சொடுக்கினால் அது உலாவியிலேயே விரியும். நம் அஞ்சல் சேவையின் நுழைவுப் பக்கம் போலவே இருக்கும், கடவுச்சொல் கேட்கும். முகவரிப் பட்டையைப் பார்த்தால் சேவையின் பெயர் இருக்காது, 'ஃபைல்' என்று தொடங்கும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பிலும் (கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொட்டலம்) எனக்குப் பயம் உண்டு. உள்ளே இருப்பதைச் சேவையின் வைரஸ் சோதனையால் பெரும்பாலும் பார்க்க முடியாது. பூட்டையும் சாவியையும் ஒரே மடலில் ஒருவர் அனுப்பினால், அந்தப் பூட்டு யாரிடமிருந்து மறைக்க என்று கேட்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு வந்திருந்தது கூரியர் ரசீது என்ற பெயரில் ஒரு ஹெச்டிஎம்எல். அவர் எந்தக் கூரியரும் அனுப்பவில்லை, அழித்துவிட்டோம். போன வாரம் மறுபடி அழைத்தார். "இணைப்புக் கோப்பு ஒண்ணு வந்திருக்குப்பா. சுட்டி இல்ல, கோப்புதான். முன்னோட்டம் காட்டமாட்டேங்குது. இறக்கல, அனுப்புனவருக்குப் போன் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.