அடுப்பை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

போன மழைக்காலத்தில் இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டி மூன்று வருடம்தான். பின்சுவரில் கை வைத்தேன். முழங்கால் உயரத்துக்கு ஈரம், பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பின்கதவைத் திறந்தால் இரண்டடி தள்ளிச் செம்மண் மேடு, வீடு கட்டுவதற்காக நெட்டுக்குத்தாக வெட்டியது. மேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடிய கானை, அதாவது தண்ணீர் வடிகாலை, மூடி, மேலே தகரம் போட்டு, விறகு அடுப்பு வைத்திருந்தார்கள்.

"உள்ளுக்கே குசினி இருக்கே அக்கா?" என்று கேட்டேன்.

"அது காஸ் அடுப்புக்குத்தான் சரி தம்பி. காஸ் விக்கிற வெலைக்கு நாங்க வெறகுதான் எரிக்கிறோம். உள்ள எரிச்சா வூடே கரியாயிருது. வேற எங்க வைக்கிறது, சொல்லுங்க?"

இருபது வருடமாக மலையகத்தில் வீட்டுப் படம் வரைகிறேன், கட்டுவதையும் மேற்பார்க்கிறேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எதில் சமைப்பீர்கள் என்று படம் வரைந்தவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தக் கான் இன்றைக்கும் திறந்தே இருந்திருக்கும்.

உலகத்தில் எந்த மக்களின் வீட்டை எடுத்துப் பார்த்தாலும், அதன் உருவத்தை முதலில் தீர்மானித்தது அடுப்பும் கூரையும்தான். இன்றைய துருக்கியில் சாத்தல்ஹூயுக் என்ற ஊரில் ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டினார்கள். தெருவும் இல்லை, வாசலும் இல்லை. கூரையில் ஒரு திறப்பு, அதில் ஏணி வைத்து இறங்குவார்கள். அடுப்புப் புகை வெளியேறியதும் அதே திறப்பு வழியாகத்தான். அங்கே தோண்டியெடுத்த முதியவர்களின் விலா எலும்புகளில் உட்புறமாகக் கரி படிந்திருந்தது. அதைப் படித்த அன்று எனக்கு எங்கள் அப்பாயியின் இருமல்தான் ஞாபகம் வந்தது.

ஜப்பானில் ஷிரகாவா கோ என்ற மலைக்கிராமத்தில் புல் வேய்ந்த வீடுகள் இருக்கின்றன. பனி வழுக்கி விழவேண்டும் என்பதற்காக, இரண்டு கையையும் கூப்பியதுபோலச் செங்குத்தான கூரை. நடுவீட்டில் அடுப்பு, அதற்குப் புகைபோக்கி கிடையாது. புகை மேலே ஏறிப் புல்லுக்குள் புகுந்து மெதுவாக வெளியேறும். போகிற வழியில் பூச்சியைக் கொன்று, கட்டின கயிற்றையும் உலரவைத்துவிட்டுப் போகும். தமிழ்நாட்டில் நம் மூதாதையர் விட்டுவந்த வீடுகளும் இந்த வகையில் அதற்கு உறவுதான். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஓலைக் கூரையும் புல் கூரையும் மூச்சு விட்டன. உள்ளே விறகு எரித்தாலும் புகை கசிய இடம் இருந்தது.

தகரம் மூச்சு விடாது. கோப்பித் தோட்டக் காலம் போய்த் தேயிலைக் காலம் ஊன்றியபோது நம் தலைக்குமேல் வந்த கூரை தகரம். அடுப்பு மட்டும் அதே மூன்று கல் அடுப்பு. கூரை மாறியது, அடுப்பு மாறவில்லை, நடுவில் புகைக்கு ஒரு வழியை யாரும் செய்து தரவில்லை. குளிரில் தகரத்தின் உட்பக்கம் வியர்த்து, கரியோடு சேர்ந்து கறுப்புத் துளியாகச் சோற்றுப்பானையில் சொட்டியதை லயத்தில் வளர்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே தோட்டத்துப் பங்களாவில் குளிர்காய ஒரு அடுப்பும், அதற்குக் கல்லில் கட்டிய புகைபோக்கியும் இருந்தன. ஆக, புகைபோக்கி கட்டத் தெரிந்த ஆள் தோட்டத்திலேயே இருந்திருக்கிறார்.

டபுள் லயத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். ஒரே முகட்டின் கீழ் முதுகோடு முதுகாக இரண்டு வரிசைக் காம்பராக்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது திறந்த தாழ்வாரம். பின்சுவர் பக்கத்து வீட்டாருக்கும் பொது, அதனால் பின்னால் ஜன்னல் வைக்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் திறந்த அறைக்குள் காற்று நுழைந்தால் வெளியே போக வழி இல்லை. இதே அமைப்பில்தான் இங்கிலாந்தின் லீட்ஸ், பர்மிங்ஹாம் நகரங்களில் ஆலைத் தொழிலாளருக்கு வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். காற்றோட்டமில்லாத அந்த வீடுகள் நோயை வளர்க்கின்றன என்று அங்கே குரல் எழுந்தது. மான்செஸ்டர் 1844இலேயே அவற்றைத் தடுத்தது. 1909இல் முழு நாட்டுக்குமே சட்டம் வந்து, புதிதாகக் கட்டக்கூடாது என்றாகிவிட்டது. அவர்கள் நாட்டில் சட்டம் விலக்கிவைத்த அந்த அமைப்பில், நம் மலைகளில் நான்கைந்து தலைமுறை பிறந்து வளர்ந்திருக்கிறது.

நம் வீட்டுச் சொற்களையே பாருங்கள். காம்பராவும் குசினியும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. இஸ்தோப்பு ஒல்லாந்தரின் சொல். லயம், ஆங்கிலத்து 'லைன்'. ஆனால் இஸ்தோப்பை நாம் நம்முடையதாக ஆக்கிக்கொண்டோம். கொழுந்துக்கூடையை இறக்கிவைத்ததும், பிள்ளை பெற்றவளுக்குத் தலைவாரிவிட்டதும், துக்கம் விசாரித்ததும் அந்த இடத்தில்தான். குடும்பம் பெருக, அதையும் பலகை அடித்து அறையாக்கினோம். அதோடு உள்காம்பராவுக்கு இருந்த ஒரே வெளிச்சமும் போயிற்று. புது வீடு கட்டுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, முன்பக்கம் நாலடி அகலத்துக்காவது ஒரு திறந்த இஸ்தோப்பு விடுங்கள். தோட்ட வீட்டுத்திட்டங்களில் கொடுத்த ஏழு பேர்ச்சஸ் காணி என்பது சுமார் 1,905 சதுர அடி. 550 சதுர அடி வீட்டுக்கு அதில் தாராளமாக இடம் இருக்கிறது.

குடியிருப்போரைக் கேட்டு வீடு கட்டுவது நம் மலைநாட்டில் புதுப் பழக்கமும் அல்ல. கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா, இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவர். 1950களில் கண்டி வத்தப்புலுவையில் அரச ஊழியருக்கான வீட்டுத்திட்டத்தை வரையும்போது, குடிவரப் போகிறவர்களிடம் கேள்விகளைக் கொடுத்து, பதிலை வாங்கிக்கொண்டுதான் படத்தில் கை வைத்தார். அதற்கு முன், கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன வீட்டில் சரிவை வெட்டித் தட்டையாக்கவில்லை. சரிவு எப்படி இறங்கியதோ, அப்படியே வீட்டின் தளங்களையும் படிப்படியாக இறக்கினார்.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அந்தச் சரிவு விஷயம்தான். இன்றைக்கு நம் ஆட்கள் முதலில் செய்வது, பெக்கோ என்ற மண்வெட்டும் இயந்திரத்தைக் கூப்பிட்டு மண்ணை வெட்டி வீட்டுக்குச் சமதரை எடுப்பது. ஒரே சமதரை வேண்டுமென்றால் பின்னால் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மண்மேடு நிற்கும். வெட்டிய மண்ணை முன்னால் கொட்டி, அதன்மேல் பாதி வீட்டை ஏற்றுவார்கள். பாதி வீடு கெட்டி மண்ணில், பாதி வீடு கொட்டிய மண்ணில். ஒரு மழைக்குப் பிறகு நடுவில் வெடிப்பு விழும். குசினியை இரண்டு படி உயர்த்தி, கூடத்தை இரண்டு படி தாழ்த்தினாலே வெட்டும் உயரம் கணிசமாகக் குறையும். மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது சுவர் தள்ளி நிற்கவேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு இடமில்லாவிட்டால், மேட்டின் உயரத்தைத்தான் குறைக்கவேண்டும். நடுவில் ஓடும் கானை மூடவே கூடாது. மலையிலிருந்து வரும் தண்ணீருக்கு நீங்கள் வழி விடவில்லையென்றால், அது அத்திவாரத்துக்குள் இறங்கும். நான் கைவைத்துப் பார்த்த முழங்கால் உயர ஈரம் அப்படி வந்ததுதான்.

மலை மாவட்டங்களில் கட்ட அனுமதி கேட்கும்போது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுப் பரிந்துரையைக் கேட்பார்கள். அதை அலைச்சல் என்று நினைக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவை லயங்கள். நிலத்தில் புது வெடிப்பு, ஒரு பக்கம் சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய அல்லது வற்றிய பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வருவது), நேற்றுவரை சுகமாக மூடிய கதவு இன்றைக்கு இறுகுவது, இவற்றில் எதைக் கண்டாலும் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். மழையும் கொட்டிக்கொண்டிருந்தால் அவர் வரும்வரை காத்திருக்காமல் இறங்கிவிடுங்கள்.

மழையை வீட்டிலேயே அளக்கலாம். மிஞ்சிய நாலங்குலப் பி.வி.சி. குழாயில் ஓரடி வெட்டி, அடியைத் தண்ணீர் கசியாத மூடியால் அடைத்து, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் நேராக நிறுத்துங்கள். காலையில் ஓர் அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பார்த்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் நிறைந்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 என்றால் எச்சரிக்கை, பையைக் கட்டி வைத்துக்கொள்ளவேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ, வெளியேறிவிடவேண்டும். இவை அந்த நிறுவனமே வைத்திருக்கும் அளவுகள். நான் வேலை செய்யும் வீடுகளிலெல்லாம் இந்தக் குழாயை என் கையால் நட்டுக்கொடுக்கிறேன்.

போன வாரம் இன்னொரு தோட்டத்தில் புதுக் காணி பார்க்கப் போனேன். படத்தை விரித்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய அம்மா, எழுபது வயதிருக்கும், சற்றுத் தள்ளிக் குனிந்து மூன்று கல்லைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கிழக்கு மூலையில் வைத்தார்.

"இங்க வைங்க தம்பி. ஆடிக்காத்து மேக்கயிருந்து அடிக்கும். இந்த மூலையில எரிச்சா பொகை வூட்டுக்குள்ள திரும்பாது."

என் படத்தில் குசினி மேற்கே இருந்தது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அழித்து, கிழக்குக்கு மாற்றி வரைந்தேன்.