ஒரு சத்தம் போட்டிருந்தா கேட்டிருக்குமே, டாக்டர்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 19 வயதுப் பையன் ஒருவனை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவந்தார்கள். நண்பர்கள் 16 பேரோடு குளிக்கப் போய்த் தண்ணீரில் மூழ்கியவன். 40 நிமிடம் போராடினோம், திரும்பவில்லை.

வெளியே வந்து சொன்னபோது எல்லோரும் ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்து அழுதார்கள். ஒருவன் மட்டும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் ஒரு மூக்குக்கண்ணாடி. தண்ணீரில் இறங்கும்முன் "இதக் கொஞ்சம் வச்சிரு" என்று இவனிடம் கொடுத்துவிட்டுப் போனானாம். "பத்தடி தூரத்துலதான் இருந்தோம். ஒரு சத்தம் போட்டிருந்தா கேட்டிருக்குமே, டாக்டர்" என்றான்.

இதே பேச்சை இத்தனை வருடங்களில் எத்தனையோ தகப்பன்மாரிடம், அண்ணன்மாரிடம், கூட வந்தவர்களிடம் கேட்டுவிட்டேன். இனி ஒருவர் வாயிலிருந்தும் கேட்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எப்போது முங்கினான் என்று யாருக்கும் தெரியாததால், அவர்கள் எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முன்னால் ஏழெட்டுப் பேர் தண்ணீரை வாரி இறைத்துச் சிரிக்கிறார்கள். அவர்கள் தோளுக்குப் பின்னால் ஒரு தலை. முகம் அண்ணாந்திருக்கிறது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிறது, அமிழ்கிறது, மறுபடி வருகிறது. ஈரமுடி கண்ணை மறைத்து ஒட்டிக் கிடக்கிறது. அதை ஒதுக்கிவிடக்கூடக் கை மேலே வரவில்லை. அரை நிமிடம் இருக்கும், அப்புறம் அந்த இடத்தில் வெறும் தண்ணீர். நடுவில் ஒருவன் திரும்பி அவனைப் பார்க்கிறான், சிரித்துவிட்டு மறுபடி கேமரா பக்கம் திரும்புகிறான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் பார்த்தது என்னவென்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லையே.

மூழ்குகிறவர் கத்தமாட்டார். மறுபடியும் சொல்கிறேன், கத்தமாட்டார். மூச்சு விட்டு மிஞ்சினால்தான் பேச்சு. வாய் வெளியே வருகிற அந்த ஒரு நொடியில் மூச்சை விட்டு இழுக்கவே நேரம் போதாது, இதில் "காப்பாத்துங்க" என்று எங்கே கூப்பிடுவது? கையையும் ஆட்டமாட்டார். இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்து, தாமாகவே தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். அதை நிறுத்திக் கையை உயர்த்த அவரால் முடியாது, தள்ளி விழுகிற கயிற்றை எட்டிப் பிடிக்கவும் முடியாது. உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏணி ஏற முயல்வது போல, இல்லையென்றால் சும்மா மிதந்து விளையாடுவது போலத் தெரியும். அமெரிக்காவில் கடற்கரை உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா இதைக் கவனித்துப் பதிவு செய்து ஐம்பது வருடம் ஆகிறது. இந்த நிலையில் ஒருவர் மேல்மட்டத்தில் தாக்குப்பிடிப்பது 20 முதல் 60 விநாடிதான். சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் கத்துகிறவரும் ஆபத்தில்தான் இருக்கிறார், ஆனால் அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. சத்தமில்லாமல் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

சந்தேகம் வந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு "சரியா இருக்கியா?" என்று கேளுங்கள். பதில் சொன்னால் நல்லது. சொல்லவில்லையென்றால் இன்னொரு முறை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். குழந்தைகள் தண்ணீரில் இருந்தால் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். சத்தம் நின்றால் உடனே திரும்பிப் பாருங்கள்.

"இத்தனை பேர் இருக்கோம், என்ன ஆயிடும்?" என்பது அடுத்த தப்பான நினைப்பு. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்தால் பார்க்கிற கண் ஒன்றுகூட இருக்காது. போதாததற்குக் கூட்டம் தைரியத்தைக் கொடுக்கும். தனியாக வந்திருந்தால் முழங்கால் தண்ணீரிலேயே நின்றிருப்பவர், நாலு பேர் கூப்பிட்டதும் நிலை கொள்ளாத ஆழத்துக்குப் போவார். "எனக்கு நீச்சல் தெரியாது" என்று சொல்ல வெட்கம். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கிளம்பும்முன்பே ஒவ்வொருவரிடமும் இதைத் தனியாகக் கேளுங்கள். தெரியாது என்று சொன்னவரைக் கேலி செய்யாதீர்கள்.

தண்ணீரில் இறங்காமல் கரையில் ஒருவர் நிற்கவேண்டும். கையில் ஃபோன் கூடாது, பேச்சு கூடாது, பார்ப்பது மட்டும்தான் வேலை. கண் சலித்துவிடும் என்பதால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். மாறும்போது "இனி நீ பார்த்துக்கொள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உள்ளே இறங்குகிறவர்கள் இரண்டிரண்டு பேராகப் போங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையை எண்ணுங்கள். குடித்தவர் இறங்கவே கூடாது, இதில் சமாதானமே கிடையாது. ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகக் குதிக்காதீர்கள், கழுத்து முறியும். படகில் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டுங்கள், தோளில் தொங்கவிட்டால் அது வெறும் துணி. ஃபோட்டோவுக்காக எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தால் படகு கவிழும். காற்றடைத்த பொம்மை டியூப் விளையாட்டுச் சாமான், உயிர்காக்கும் சாதனம் அல்ல.

தம் கட்டும் போட்டி வேண்டவே வேண்டாம். வேகவேகமாக நாலைந்து முறை மூச்சிழுத்துவிட்டு முங்கினால், மூச்சு முட்டுகிற உணர்வு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில் போயிருக்கிறார்கள்.

ஒருவர் மூழ்கும்போது அடுத்தவர் குதிப்பதுதான் எங்களுக்குப் பெரிய வேதனை. ஒரே ஊர்தியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவார்கள். மூழ்குகிறவர் கைக்கு எது கிடைத்தாலும் பிடித்து அதன்மேல் ஏறுவார், அது உங்கள் தலையாகவும் இருக்கும். முதலில் உதவிக்குக் கத்துங்கள். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்போ துண்டோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிறு, டியூப், மூடி இறுக்கிய காலி கேன் என்று மிதக்கிற எதையாவது அவர் மார்பருகே விழும்படி எறியுங்கள். கையோடு கை கோத்துச் சங்கிலியாக இறங்காதீர்கள், ஒருவர் கால் வழுக்கினால் பலர் போவார்கள்.

வெளியே எடுத்தபிறகு வயிற்றை அமுக்காதீர்கள். தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். தண்ணீரை எடுப்பதாக நினைத்துச் செய்கிற இந்த வேலையால் நேரம்தான் போகும், வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்கும். அவருக்கு வேண்டியது காற்று. மூச்சில்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். இரண்டோ ஐந்தோ, பயிற்சியில் கற்றபடி செய்யுங்கள். அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, இப்படியே விடாமல். திடீரென்று இதயம் நின்றவருக்குச் சொல்கிற "நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும்" இங்கே போதாது. வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள், மூச்சு கொடுப்பதைத் தொடருங்கள். ஆம்புலன்ஸுக்கு இன்னொருவர் பேசட்டும்.

பிழைத்து எழுந்து "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிவாருங்கள். நுரையீரலின் நிலைமை சில மணி நேரம் கழித்து மோசமாகலாம். கூடவே, அவர் எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தார் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வரவேண்டும். நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். அன்றைக்கும் கேட்டேன். 16 பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.